அக்கரைச் சபர் – 9: மணல்

சென்ற வாரம் பம்பாய் வழியாகத் துபாய் போய்ச் சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். அது 1984. தேராவில் ஒரே அறையில் ஒன்பது பேர்; நாலு பேர் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள எங்கள் ஊரான கோட்டக்குப்பத்தைச் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சப்கா துறையில் அப்ரா படகு ஏறி பர்துபாய்க்குப் போவோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. தண்ணீரைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும், அதற்காகத்தான்.

அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். “தம்பி, நான் வந்தப்ப இங்க நம்ம ரூபாதான் செல்லுபடி” என்பார். வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி 1959 முதல் தனி நோட்டு அச்சடித்து அனுப்பியது. 1966இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் துபாய் அதைக் கைவிட்டது. அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குள் தங்கிவிட்டது: “இந்தக் கழிமொகத்துல மணல் தூர்ந்து கெடந்துச்சு. அள்ளினாங்க. ஊர் வந்துச்சு.”

அது முழு உண்மை. துபாயின் ஆட்சியாளர் ஷேக் ராஷித் குவைத்திடம் கடன் வாங்கி, 1959இல் தொடங்கி இரண்டு வருஷத்தில் அந்தக் கழிமுகத்தை ஆழப்படுத்தினார். பெரிய பாய்க்கப்பல்கள் உள்ளே வந்தன. எண்ணெய் கிடைத்தது அதற்குப் பிறகு, 1966இல்தான். அள்ளிய மணலால் கரையை மேடாக்கினார்கள். பிறகு ஜெபல் அலியில் பாலைவனத்தையே தோண்டித் துறைமுகமாக்கினார்கள்.

நான் போனபோது 39 மாடி டிரேட் சென்டரைத் தாண்டினால் வெட்டவெளி. இன்று அந்த வழியாக மெட்ரோவில் போகிறேன், ஒரு இடமும் அடையாளம் தெரிவதில்லை. நாங்கள் இருந்த கட்டிடமும் இல்லை. அதற்கு அன்றைக்கும் விலாசம் கிடையாது. வீட்டிலிருந்து கடிதம் கம்பெனியின் போஸ்ட் பாக்ஸுக்குத்தான் வரும். தேராவின் மணிக்கூண்டு மட்டும் நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் திசை பிடிக்கிறேன். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவின் அடியில் நின்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் கடலில் மணல் கொட்டி எழுப்பிய பேரீச்சை மரத் தீவின் மேல் நடந்தபோது நெஞ்சு அடைத்தது.

காரணம் இருக்கிறது. அந்தத் தீவுக்குக் கொட்டிய மணல் சுமார் 9.4 கோடி கன மீட்டர். பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழத்துப் போனது, தண்ணீரில் பிடித்து நிற்காது. அதனால் கடலடி மணலை உறிஞ்சி வந்து பீய்ச்சியடித்தார்கள். அலை அதைக் கரைத்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் 11 கிலோமீட்டருக்குக் கல் அணை.

எங்கள் ஊரிலும் கல் கொட்டினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே இருந்த நாங்கள் இழந்தோம். நான் லீவில் வரும்போதெல்லாம் கரை ஒரு அடுக்கு குறைந்திருக்கும். அரிப்பைத் தடுக்க ஒரு குப்பத்தில் கல் போட்டால் கடல் அடுத்த குப்பத்தைக் கடிக்கும்: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது.

துபாயைப் போலி ஊர் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளானது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் அந்த ஊரைக் கட்டிய சாதாரணத் தொழிலாளி, விசா முடிந்தால் பெட்டி கட்டியாக வேண்டும். நாற்பது வருஷம் இருந்தாலும் அங்கே அவன் முதுமைக்கு இடமில்லை. அவன் திரும்பி வந்து உட்காரும் கரையாவது அவனுக்கு மிஞ்ச வேண்டாமா?

போன முறையும் அப்ராவில்தான் ஏறினேன். கட்டணம் ஒரு திர்ஹம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் என் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

“எந்த ஊரு பாய்?”

“கோட்டக்குப்பம்.”

“நான் தந்திராயன்குப்பம். ஊருக்குப் போயி மூணு வருஷம் ஆச்சு. எங்க தாத்தா வலை காயப்போடுற மணல்மேடு இருக்குதா?”

இல்லை என்றேன். படகு பர்துபாய் கரையைத் தொடும்வரை அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

(தொடரும்)