ஏழு ஆய்மகளிர் நின்ற வட்டம்

சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 நடனக் கரணங்களும் கல்லில் நிற்கின்றன. 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி விழாவுக்கு ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது. ஆகவே கடலூர் மாவட்டத்தில் ஆடல் இலக்கணம் என்றதும் கோயிலைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மாடு மேய்த்தவர்களின் ஆட்டமோ நாட்டுப்புறக் கலை என்ற அறைக்குப் போய்விடுகிறது. இந்தப் பிரிவினை செல்லாது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையே போதும். மதுரைப் புறஞ்சேரியில் பிரைகுத்திய பால் உறையவில்லை; உறிவெண்ணெய் உருகவில்லை; மாட்டின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. தீங்கு வருமென்று அஞ்சிய இடைச்சி மாதரி, ஆளுக்கொரு காளை வளர்த்த ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்திக் குரவை ஆட வைக்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரையும் அவர்களுக்கே இடுகிறாள். குரல் மாயவனாகிய கண்ணன், இளி அவன் அண்ணன் பலராமன், துத்தம் நப்பின்னை. குரலிலிருந்து எண்ணினால் இளி ஐந்தாவது. இன்றைய பேச்சில் சட்ஜமும் பஞ்சமமும். அண்ணன் தம்பியை அந்த இரண்டு இடங்களில் நிறுத்தியது தற்செயலாக இருக்க முடியாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்தர், 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ வரை துருவியது சிலம்பில் புதைந்துகிடந்த இந்த இசையறிவைத்தான்.

சிலம்பைப் பாடிய இளங்கோ தன் இசைப் படிப்பை இடைச்சியர் வாயில் வைத்தார், சேரியில் யாருக்குச் சுரம் தெரியும் என்று கேட்பார்கள். பெயரிட்டது புலவராகவே இருக்கட்டும். ஆட்டம் அவர் கற்பனையல்ல. ஏறு தழுவிய பின் மன்றத்தில் ஆயர் குரவையாடியதைக் கலித்தொகையின் முல்லைக்கலி பலமுறை சொல்கிறது. சுரங்களை வட்டமாக வைத்து எண்ண நினைத்த புலவருக்கு, கைகோத்து வட்டமாகவே ஆடும் கூட்டம் ஒன்று கண்முன் இருந்தது. கோபுரக் கரணத்தில் ஆடுவது ஓர் உடல். சுரங்களுக்கிடையிலான உறவைக் காட்ட ஏழு பேர் வேண்டும்.

மேய்ச்சல் மக்களின் ஆட்டம் எங்கும் மாட்டைப் போலச் செய்வதுதானே என்பது இன்னொரு வாதம். தெற்கு சூடானின் டிங்கா மக்கள் இரு கைகளையும் கொம்புபோல் வளைத்து ஆடுவது உண்மைதான். ஆனால் கென்ய, தான்சானிய மாசாய் இளைஞர்கள் நின்ற இடத்திலேயே எம்பிக் குதிக்கிறார்கள். அதில் மாட்டின் சாயல் எதுவுமில்லை. ஆய்ச்சியர் குரவையிலும் அப்படியே. மாடு அங்கே ஆட்டத்தின் காரணம். அசைவை வகுத்தது இசை. ஆடியும் தீங்கு விலகவில்லை, காப்பியத் தலைவன் கோவலன் வெட்டுண்டான் என்பது வேறு கதை. அதை வைத்து ஆட்டத்தின் பலனைக் குறை சொல்லலாம், அதன் இலக்கணத்தை அல்ல.