கடைக்காரர் இல்லாத கடை!

சாலை ஓரத்தில் ஒரு மேசை. மேசை மேல் தக்காளி, வெள்ளரிக்காய், சோளக்கதிர். பக்கத்தில் ஓர் அட்டை. அதில் விலை எழுதியிருக்கிறது. அட்டைக்குக் கீழே ஒரு சிறிய பெட்டி. காசு போட அதன் மூடியில் ஒரு துளை.

கடைக்காரர் எங்கே?

அவர் வயலில் வேலை செய்துகொண்டிருக்கிறார்!

வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியது. விலையைக் கூட்டிப் பார்த்து, பணத்தைப் பெட்டியில் போட வேண்டியது. புறப்பட வேண்டியது. அவ்வளவுதான்.

"யாராவது எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால்?" என்று கேட்பீர்கள். ஓடுகிறவனும் உலகத்தில் உண்டு. ஆனால் அவனுக்குப் பயந்து ஓர் ஆளை நாள் முழுவதும் கடையில் உட்கார வைத்தால், அந்த ஆளின் வயல் வேலை கெட்டுவிடும். அதைவிட, வருகிறவரை நம்பிவிடுவது லாபம்!

இப்படிப்பட்ட கடைகள் இருப்பது அமெரிக்காவில். அதுவும் ஒன்றிரண்டு அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லான்காஸ்டர் மாவட்டத்தில், கிராமத்துச் சாலைகளில் போனால் பண்ணைக்குப் பண்ணை இவற்றைப் பார்க்கலாம். சில கடைகளில் பெட்டி இருக்கும். சிலவற்றில் வீட்டுப் பெண்களோ பிள்ளைகளோ நின்று விற்பார்கள்.

மழையே போதும்

பிலடெல்பியா நகரத்திலிருந்து மேற்கே சுமார் 70 மைல் போனால் லான்காஸ்டர் நகரம் வரும். அதைச் சுற்றி இருப்பதுதான் லான்காஸ்டர் மாவட்டம். இது 1729-ம் ஆண்டில் உண்டானது.

சுண்ணாம்புச் சத்துள்ள நல்ல மண். தேவையான மழை. ஆகையால் பெரும்பாலான வயல்களுக்குக் கால்வாய்ப் பாசனம் தேவை இல்லை.

அமெரிக்கப் பண்ணை என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒருவருக்கே சொந்தம் என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. 2017-ம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 440 ஏக்கருக்கு மேல். லான்காஸ்டரிலோ 80 ஏக்கருக்கும் குறைவு!

ஏர் இழுக்கும் கோவேறு கழுதை

இந்த மாவட்டத்து விவசாயிகளில் பலர் "அமிஷ்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இவர்களின் முன்னோர் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் வாழ்ந்தவர்கள். மதத்துக்காகத் துன்பப்பட்டு, 1700-களில் கப்பல் ஏறி பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். இன்றும் வீட்டில் ஒருவகை ஜெர்மன் மொழி பேசுகிறார்கள்.

இவர்கள் கார் வைத்துக்கொள்வதில்லை. சாம்பல் நிறக் குதிரை வண்டியில் போகிறார்கள். ஊர் மின்சாரக் கம்பி வீட்டுக்குள் வருவதில்லை. பலர் வீட்டில் குளிர்ப்பெட்டி காஸில் ஓடும். விளக்கு பாட்டரியில் எரியும். வயலில் ஏர் இழுப்பது கோவேறு கழுதை.

இது என்ன பிடிவாதம் என்று தோன்றலாம். இயந்திரமே பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. "இந்தப் பொருள் வந்தால் குடும்பமும் அண்டை அயலும் ஒன்றாக இருக்குமா, சிதறிப் போகுமா?" என்று யோசிக்கிறார்கள். சிதறிப் போகும் என்று தோன்றினால் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

இதில் ஒரு விவசாயக் கணக்கும் இருக்கிறது. கோவேறு கழுதையை வைத்து ஒரு குடும்பம் 50, 60 ஏக்கரைத்தான் கவனிக்க முடியும். ஆகவே அடுத்தவன் நிலத்தையும் வாங்கிச் சேர்க்க வேண்டும் என்ற ஆசைக்கு வழி இல்லை. பக்கத்துப் பண்ணையில் பக்கத்து வீட்டுக்காரரே இருக்கிறார்!

15 சென்ட் கணக்கு

சரி, 60 ஏக்கரில் குடும்பம் பிழைக்க முடியுமா? இங்கேதான் சாலையோர மேசை உதவிக்கு வருகிறது.

ஒரு டாலர் என்பது 100 சென்ட். அமெரிக்க மக்கள் உணவுக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் விவசாயிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு தெரியுமா? அந்த நாட்டு வேளாண் துறை 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு: சுமார் 15 சென்ட்!

மீதி 85 சென்ட்? லாரிக்கு, கிடங்குக்கு, பெட்டியில் அடைப்பதற்கு, கடைக்கு, ஓட்டல்காரருக்கு என்று பிரிந்து போய்விடுகிறது.

பண்ணை வாசலில் மேசை போட்டால்? வாங்குகிறவர் கொடுக்கும் டாலர் நேராக விவசாயி கைக்கு வருகிறது. விதைக்கும் எருவுக்கும் அதிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். ஆனாலும் நடுவில் கை நீட்ட ஆள் இல்லை.

லான்காஸ்டரில் பால் மாடுதான் நெடுங்கால வருமானம். பால் விலை விழும்போது சிறிய பண்ணைக்காரர் திண்டாடுகிறார். அப்போது கைகொடுப்பது காய்கறியும், பழமும், வீட்டில் செய்த பலகாரமும்தான்.

எந்த மாதம் என்ன கிடைக்கும்?

ஜூன் மாதத்தில் ஸ்ட்ராபெர்ரி. ஜூலை, ஆகஸ்டில் இனிப்புச் சோளம், தக்காளி, முலாம்பழம், பீச் பழம். செப்டம்பர், அக்டோபரில் ஆப்பிளும் மலை மலையாகப் பரங்கிக்காயும். குளிர்காலம் வந்தால் நிலம் உறங்கிவிடும். மேசையும் உள்ளே போய்விடும்.

இனிப்புச் சோளத்தைப் பற்றி ஒரு சேதி. கதிரை ஒடித்த நேரத்திலிருந்தே அதில் உள்ள சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. அதனால்தான் காலையில் ஒடித்ததை அன்றே வேகவைத்துத் தின்றால் தனிச் சுவை!

காய்கறியோடு பலகாரமும் உண்டு. வெல்லப்பாகு போன்ற மொலாசஸ் ஊற்றிச் செய்யும் "ஷூஃப்ளை பை", பல காய்களைக் காடியிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்ட "சவ் சவ்" ஊறுகாய், வீட்டிலேயே காய்ச்சிய "ரூட் பீர்". பெயரில் பீர் இருந்தாலும் இது போதை தராத பானம்தான். குழந்தைகளும் குடிக்கலாம்.

லான்காஸ்டர் நகரத்தின் நடுவிலும் ஒரு பெரிய சந்தை உண்டு. சென்ட்ரல் மார்க்கெட் என்று பெயர். இப்போதுள்ள செங்கல் கட்டடம் 1889-ல் கட்டப்பட்டது. சுற்று வட்டாரப் பண்ணைக்காரர்கள் இங்கேயும் வந்து விற்கிறார்கள்.

நிலத்துக்கு வந்த ஆபத்து

இவ்வளவு அழகான ஊருக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அழகைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேர் வருகிறார்கள். 1985-ல் வெளியான "விட்னஸ்" என்ற ஹாலிவுட் படம் இங்கே எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஊரின் பெயர் இன்னும் பரவியது. பெரிய சாலை ஓரங்களில் ஓட்டல்கள் எழுந்தன, கடைத் தொகுதிகள் எழுந்தன, வீடுகள் எழுந்தன.

நல்ல விளைநிலம் இப்போது ஏக்கர் 20,000 டாலருக்கு மேல் போகிறது. 60 ஏக்கர் வாங்க 12 லட்சம் டாலர் வேண்டும்! அமிஷ் குடும்பங்களில் ஆறு, ஏழு பிள்ளைகள் இருப்பது சாதாரணம். அத்தனை பேருக்கும் நிலம் எங்கே? ஆகவே பலர் தச்சு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நிலத்தைக் காக்க ஒரு வழி கண்டார்கள்.

விவசாயி தன் நிலத்தை விற்பதில்லை. அதில் வீடும் கடையும் கட்டும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கிறார். பெரும்பாலும் அதற்கு ஒரு தொகை பெறுகிறார். நிலம் அவருடையதே. பிள்ளைக்குக் கொடுக்கலாம், பிறருக்கு விற்கலாம். ஆனால் யார் கைக்குப் போனாலும் அது என்றைக்கும் விளைநிலம்தான்! கட்டடம் கட்டி விற்கிறவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

மாவட்ட நிர்வாகம் இந்த வேலையைச் செய்கிறது. அரசாங்கப் பணத்தை வாங்கத் தயங்கும் அமிஷ் மக்களுக்கு உதவ, 1988-ல் லான்காஸ்டர் பார்ம்லாண்ட் டிரஸ்ட் என்ற தனி அறக்கட்டளை ஏற்பட்டது. இப்படியாக இந்த மாவட்டத்தில் இதுவரை காப்பாற்றப்பட்ட நிலம் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல்!

ஆனால் பத்திரம் எழுதினால் மட்டும் நிலம் விளையாது. உழுகிறவனுக்கு அதில் பிழைப்பு இருக்க வேண்டும். பத்திரம் நிலத்தைக் காக்கிறது. உழுகிறவனைக் காப்பதில் சாலையோர மேசைக்கும் பங்கு உண்டு.

போகிறவர்கள் கவனிக்க

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் குடும்பத்தார் பலர் அங்கே போய் வருகிறார்கள். லான்காஸ்டர் பக்கம் போனால் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்று அமிஷ் மக்களுக்கு வழிபாட்டு நாள். அவர்களுடைய கடை எதுவும் திறக்காது.

சில்லறை டாலர் நோட்டுகள் கொண்டுபோங்கள். பெட்டி மீதிச் சில்லறை கொடுக்காது!

அமிஷ் மக்களின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் அதை விரும்புவதில்லை. சோளத்தை எடுங்கள், பரங்கிக்காயை எடுங்கள்.

குதிரை வண்டி முன்னால் போனால், ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் பின்னால் போங்கள். குதிரை மிரண்டால் வண்டியில் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து.

குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். விலையை அவர்களே படிக்கட்டும். கணக்கை அவர்களே கூட்டட்டும். பணத்தையும் அவர்கள் கையாலேயே பெட்டியில் போடச் சொல்லுங்கள். யாரும் பார்க்காத இடத்தில் சரியான காசைப் போடக் கற்பது, பள்ளிக்கூடத்துப் பாடத்துக்குச் சமமான பாடம்!