காய்ச்சல் விட்டுடுச்சு... கால் ஏன் மரத்துப்போகுது? நரம்பைத் தாக்கும் ஜி.பி.எஸ் - அறிகுறிகள் முதல் சிகிச்சை வரை!

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா, சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு வாரம் வைரல் காய்ச்சல். காய்ச்சல் விட்டு, ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய அன்று பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்யக் காலில் தெம்பில்லை. ``காய்ச்சல் அசதிதான்" என்று அத்தை நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். மூன்றாம் நாள் படி ஏற முடியவில்லை. நான்காம் நாள் டீ டம்ளர் கைநழுவியது.

பாண்டிச்சேரியில் டாக்டர்கள் சொன்ன பெயர், கில்லன் பாரே சிண்ட்ரோம். சுருக்கமாக ஜி.பி.எஸ்.

என்ன நடக்கிறது?

மின்நிலைய ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். நரம்பு என்பது கரன்ட் போகும் வயர். அதன் மேலுறைதான் மயலின். கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நம் நோய் எதிர்ப்பு சக்தி, சிலருக்கு ஆள் மாறி இந்த உறையையே தாக்கிவிடுகிறது. மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது.

போலியோவில் வைரஸே தண்டுவட நரம்பு செல்களை அழிக்கும். ஜி.பி.எஸ்ஸில் அடிப்பது நம் படையேதான். உறை திரும்ப வளரும் என்பதால், பெரும்பாலானவர்கள் மீண்டு வருகிறார்கள்.

யாருக்கு வரும்?

ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு. பலருக்கு, சில வாரங்கள் முன்பு சளி, காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு வந்திருக்கும். கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம். ஜிகா, கொரோனா வைரஸ்களுக்குப் பிறகும் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் ஏராளமானோர் பாதிக்கப்பட்டபோது, அசுத்தமான தண்ணீர் மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஜி.பி.எஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

* இரண்டு கால்களிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல்
* நாளுக்கு நாள் மேலேறும் பலவீனம்: முதலில் கால், பிறகு கை, முகம்
* விழுங்க, பேச, மூச்சுவிடச் சிரமம்

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை, நொடியில் தாக்கும். இது இரு பக்கமும், நாள்கணக்கில் ஏறும். சுமார் நான்கில் ஒருவருக்கு மூச்சுத் தசைகளும் சோர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படலாம். அதனால்தான் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

சிகிச்சை என்ன?

முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, நரம்புக் கடத்தல் பரிசோதனை, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை ஆகியவற்றால் உறுதிசெய்வார்கள். ஐ.வி.ஐ.ஜி ஊசி மருந்து அல்லது பிளாஸ்மா மாற்று சிகிச்சை. இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஸ்டீராய்டு மட்டும் உதவாது. பிறகு பல மாதங்கள் பிசியோதெரபி.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கோழிக்கறியை நன்றாக வேகவையுங்கள். 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரெனக் கை, கால் தளர்ந்தால் அரசு மருத்துவமனைக்குத் தெரிவிப்பது அவசியம். போலியோ கண்காணிப்புக்காக மலப் பரிசோதனையும் செய்வார்கள்.

மாமா எட்டு மாதம் கழித்து மறுபடி ஷிஃப்ட்டுக்குப் போனார். ``அந்த மூணு நாளை எண்ணெய் தேய்ச்சே வீணாக்கிட்டேன்" என்று அத்தை இன்றும் சொல்வார். காய்ச்சலுக்குப் பிறகு கால் தளர்ந்தால், அசதி என்று நாமே முடிவுகட்ட வேண்டாம்.