பாழ் வீட்டில் கிடந்த சங்கீதம்

சங்கீதத்துக்கு நிறம் உண்டா என்று ஒருவர் கேட்டால் நாம் நகைப்போம். நாதம் செவிக்கு எட்டும் வஸ்து. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் ஏது? ஆயினும் மேல்நாட்டுச் சங்கீத மண்டபங்களில் எந்தக் கிருதியை வாசிப்பது, எதைப் பெட்டியில் போட்டு மூடுவது என்று தீர்மானிப்பதில், செவியைவிடக் கண்ணே நெடுங்காலம் அதிக அதிகாரம் செலுத்தி வந்திருக்கிறது. அதனால் உலகம் இழந்தது எவ்வளவு என்பதை, 2020-ம் ஆண்டு முதல் இணையத்தின் வழியே நடந்த சில கச்சேரிகள் நமக்கு உணர்த்தின.

அவ்வாண்டு கொள்ளை நோய் காரணமாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மண்டபங்கள் பூட்டப்பட்டன. மே மாதம் 25-ந் தேதி, மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பு இனத்தவர், போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின் கீழ் உயிரிழந்தார். அமெரிக்க தேசம் முழுவதும் கொந்தளித்தது. "நமது மேடையில் இதுகாறும் யாருக்கு இடம் கொடுத்தோம்?" என்ற கேள்வியிலிருந்து சங்கீத சபைகளும் தப்ப முடியவில்லை. அதற்குப் பிறந்த விடைகளில் ஒன்றுதான், கறுப்பு இனத்துச் சங்கீத கர்த்தாக்களின் கிருதிகளை மட்டுமே கொண்டு இணையத்தில் நடத்தப்பெற்ற கச்சேரிகள்.

இவற்றில் வாசிக்கப்பட்டது பெரும்பாலும் 'சேம்பர் மியூஸிக்' என்று மேல்நாட்டார் சொல்லும் அறைச் சங்கீதம். இரண்டு பிடில், அவற்றினும் சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஆகிய நான்கு வாத்தியங்களே பல கிருதிகளுக்குப் போதும். கோல் பிடித்து நடத்துவோர் கிடையாது. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாசிக்க வேண்டும். இணையத்திலோ ஒலி போய்ச் சேரச் சிறிது தாமதமாகிறது. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், அதில் சுமார் 30 கூறு தாமதித்தாலும் தாளம் தள்ளாடத் தொடங்கும். ஆகவே வித்வான்கள் பலர் தத்தம் வீட்டில் தனியே அமர்ந்து, மற்றவர் வாசித்ததைக் காதில் கேட்டபடி தம் பகுதியைப் பதிவு செய்தார்கள். பின்னர் அவை ஒன்று சேர்க்கப்பட்டன. வேறு சிலர் ஜனங்களற்ற மண்டபத்தில் விலகி விலகி அமர்ந்து வாசித்தார்கள். இதில் ஒரு நன்மையும் விளைந்தது. தெரியாத பெயரைப் போட்டால் டிக்கெட் விற்குமோ விற்காதோ என்று சபைக்காரர்கள் சொல்லி வந்த சாக்கு, அந்நாளில் செல்லுபடியாகவில்லை.

இத்தகைய கச்சேரிகளில் அடிக்கடி கேட்கும் பெயர் ஸாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர். தந்தை மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஸியரா லியோனைச் சேர்ந்த வைத்தியர். தாய் ஆங்கில மாது. 1875-ல் லண்டனில் பிறந்த இவர், 1895-ல், இருபது வயது நிரம்புவதற்குள்ளேயே, கிளாரினெட்டும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்த ஒரு கிருதியை இயற்றினார். அதன் இரண்டாவது பகுதியில் கிளாரினெட் மெல்ல எழுந்து பாடுகையில், இதை ஒரு மாணவன் எழுதினான் என்பதை நம்புவதே கடினமாயிருக்கிறது. 1898-ல் இவர் இயற்றிய 'ஹயவாதாவின் கலியாண விருந்து' என்னும் பாட்டுக் காவியம் லக்ஷக்கணக்கான பிரதிகள் விற்றது. ஆனால் அதன் உரிமையை அவர் 15 கினிக்கு முன்னரே விற்றுவிட்டிருந்தார். 1912-ல், தமது 37-வது வயதில், நிமோனியாக் காய்ச்சலால் காலமானார்.

அடுத்தவர் ஃப்ளாரென்ஸ் ப்ரைஸ் அம்மையார். 1887-ல் அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் பிறந்து, பாஸ்டன் நகரில் சங்கீதம் கற்று, பின்னர் சிகாகோவில் குடியேறியவர். 1933-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அவருடைய ஸிம்பனியை சிகாகோ வாத்திய கோஷ்டி வாசித்தது. அமெரிக்காவின் முதல் தரமான கோஷ்டி ஒன்று கறுப்பு இனப் பெண்மணி ஒருவரின் ஸிம்பனியை வாசித்தது அதுவே முதல் தடவை. இருந்தும் கதவுகள் திறக்கவில்லை. 1943-ல் பாஸ்டன் கோஷ்டியின் தலைவர் கூஸெவிட்ஸ்கிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தமக்கு இரண்டு குறைகள் உண்டு, ஒன்று பெண்ணாய்ப் பிறந்தது, மற்றொன்று தம் இனம் என்று சொல்லி, தகுதி ஒன்றையே கருதும்படி வேண்டினார். கூஸெவிட்ஸ்கி அவருடைய கிருதி எதையும் வாசிக்கவில்லை. அம்மையார் 1953-ல் காலமானார்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். 2009-ல் இல்லினாய் மாகாணத்தில் ஸெயின்ட் ஆன் என்னும் சிற்றூரில், கூரை பிளந்து பாழடைந்திருந்த ஒரு வீட்டைச் செப்பனிட வந்தவர்கள், அங்கே கட்டுக் கட்டாக ஸ்வரக் காகிதங்கள் கிடக்கக் கண்டார்கள். அது ஒரு காலத்தில் ப்ரைஸ் அம்மையார் கோடைக்காலத்தில் தங்கிய வீடு. இரண்டு பிடில் கான்செர்ட்டோக்களும், நான்காவது ஸிம்பனியும் அந்தக் குவியலில் இருந்தன. மழை இன்னும் சற்று உள்ளே வந்திருந்தால் அவை கூழாகியிருக்கும்!

அம்மையார் நான்கு வாத்தியங்களுக்காக எழுதிய ஒரு கிருதியில் 'ஜூபா' என்னும் நடனம் வருகிறது. அடிமைகள் முரசு கொட்டக் கூடாதென்று எஜமானர்கள் தடுத்த இடங்களில், அவர்கள் தம் தொடையிலும் மார்பிலும் கையிலும் தட்டித் தாளம் எழுப்பி ஆடிய ஆட்டம் அது. தோலில் பிறந்த அந்தத் தாளம் பிடில் தந்தியில் துள்ளுவதைக் கேட்கும்போது, சரித்திரப் புஸ்தகம் பல பக்கங்களில் சொல்வதைச் செவி ஒரு நிமிஷத்தில் கிரஹித்துக் கொள்கிறது.

மூன்றாமவர் ஜார்ஜ் வாக்கர். அடிமையாக வாழ்ந்து அதிலிருந்து தப்பியவர் இவருடைய பாட்டி. அப்பாட்டி மறைந்தபின் அவர் நினைவாக 1946-ல் எழுதிய கிருதியின் ஒரு பகுதி இன்று 'லிரிக்' என்ற பெயரால் பிரசித்தி பெற்றிருக்கிறது. அதில் புலம்பல் இல்லை, ஆவேசமும் இல்லை. நிதானமான அன்பு ஒன்றே இருக்கிறது. 1996-ல் சங்கீதத்துக்கான புலிட்ஸர் பரிசை கறுப்பு இனத்தவருள் முதன்முதலாகப் பெற்றவர் இவரே. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது நியாயமே. கறுப்பு இனத்தவருக்கென்று தனிக் கச்சேரி வைப்பது கௌரவமா, அல்லது பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகளுக்குத் தனிப் பெஞ்சி போடுவது போன்ற காரியமா?

நமது அபிப்பிராயம் இது. சித்திரம் சுவரில் தொங்கினால் பார்ப்பவன் என்றேனும் பார்ப்பான். ஸ்வரக் காகிதமோ, வித்வானின் கையில் ஏறினாலொழிய வாய் திறவாது. தனிக் கச்சேரிகள் அந்த முதல் உதவியைச் செய்தன. வித்வான்கள் அறியாத கிருதிகளைப் பாடம் செய்தார்கள். இசைப் பதிவுகள் தோன்றின. காட்டலிஸ்ட் என்னும் நால்வர் குழு 2021-ல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் கிருதிகளையும், 2022-ல் ப்ரைஸ் அம்மையாரின் கிருதிகளையும் பதிவு செய்து வெளியிட்டது. விரல்கள் ஒரு முறை கற்றதை எளிதில் மறக்கமாட்டா.

ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் அது தனிப் பெஞ்சியேதான். எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண நாளில், ப்ராம்ஸின் கிருதிக்குப் பக்கத்தில் கோல்ரிட்ஜ்-டெய்லரின் கிருதியும், எவ்வித முன்னுரையுமின்றி வாசிக்கப்பட வேண்டும். அன்றுதான் ப்ரைஸ் அம்மையாரின் கடிதத்துக்கு மறுமொழி கிடைத்ததாகக் கொள்ளலாம். அவர் அனுதாபம் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்படியே கேட்டார்.

நேயர்களும் அவ்வாறே செய்யலாம். மேல்நாட்டு சங்கீதப் பயிற்சி தேவையில்லை. ஓர் இரவு வீட்டு வேலைகள் ஓய்ந்தபின் கோல்ரிட்ஜ்-டெய்லரின் அந்த இரண்டாவது பகுதியைப் போட்டுக் கேளுங்கள். எழுதியவர் யார் என்று குழந்தைகளிடம் முதலில் சொல்ல வேண்டாம். கேட்டு முடித்தபின் சொல்லுங்கள்.