இரைப்பை சுருங்கிய பின்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிற் செய்யப்படும் சத்திரசிகிச்சையைப் பற்றி நேயர்களுட் பலர் கேள்விப்பட்டிருப்பர். நம் நாட்டிலும் அது நடைபெற்று வருகின்றது. இந்தியாவுக்குச் சென்று செய்வித்துக்கொண்டு திரும்புவோரும் உளர். அதனை எவ்வாறு செய்வது, யாருக்குச் செய்வது என்பவற்றை வைத்தியர்களிடமே கேட்டறிதல் வேண்டும். கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலையிற் காலங்கழிக்கும் எனக்கு அதிற் சொல்லுரிமை இல்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு. சிகிச்சை பெற்றவர் வைத்தியசாலையில் இருப்பது சில நாட்களே. எஞ்சிய ஆயுட்காலம் முழுவதும் அவர் உண்பது நம் வீட்டு அடுக்களையில். இரைப்பையோ ஒரே நாளில் மாறிவிடுகின்றது. வீட்டின் வழக்கங்கள் ஒரே நாளில் மாறுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் தொல்லைகள் பிறக்கின்றன. ஆகவே, இது சோறு உண்பவருக்கு மாத்திரமன்றிச் சோறு பரிமாறுபவருக்கும் உரிய பேச்சாகும்.

இச்சிகிச்சை நேற்று முளைத்ததன்று. 1950களில் அமெரிக்க வைத்தியர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கிப் பார்த்தார்கள். நிறை குறைந்தது, ஆனால் ஈரல் கெட்டது, சிறுநீரகத்திற் கற்கள் தோன்றின, ஊட்டக்குறைவு மிகுந்தது. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. புண் காரணமாக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்த எட்வேட் மேசன் என்னும் வைத்தியர், 1966 ஆம் ஆண்டில் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் இரைப்பையிலேயே வேலை செய்யும் முறையைத் தொடங்கினார். இன்று பெரும்பாலும் செய்யப்படுவன இரண்டு. ஒன்று, இரைப்பையின் முக்காற்பங்குக்கு மேல் வெட்டியெடுத்துவிட்டு, மிகுதியை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக விடுவது. மற்றையது பைபாஸ், இருதயத்திற்குச் செய்வதன்று, இரைப்பைக்குச் செய்வது. மேற்புறத்தில் இரண்டு மேசைக்கரண்டி கொள்ளுமளவு சிறு பையொன்றை மாத்திரம் பிரித்து, அதனை நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள்.

இவை உணவின் அளவை மட்டுமே குறைப்பன என்று எண்ணுதல் தவறு. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பினை 1999 இல் யப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலே சுரப்பது. குழாயாக்கும் சிகிச்சையில் அப்பகுதியே அகற்றப்படுகின்றது. இதனால் முதற் சில மாதங்களிற் சிலருக்குப் பசியென்பதே தோன்றுவதில்லை. பசி இல்லாதவர் நேரம் பார்த்து உண்ணப் பழக வேண்டியிருப்பது வேடிக்கையானதொரு நிலைதான். நாமெல்லோரும் மணியோசைக்கே உண்பவர்களாயினும், அதைப் பசி என்று சொல்லிக்கொள்கிறோம்.

வீடு திரும்பியதும் இரு வாரமளவில் நீராகாரமே உணவு. பின்னர் இரு வாரம் கூழ்ப்பதம். அதன்பின் மெதுவான உணவு. இரண்டு மாதமளவிலே சாதாரண உணவுக்கு வரலாம். நாட்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று வேறுபடும். தமக்குக் கொடுத்த தாளைப் பின்பற்றுதலே சரி. இங்கே நம் வீடுகளில் நிகழும் பிழையொன்று உண்டு. நீராகாரம் என்றதும் கஞ்சி காய்ச்சுவோம், இளநீர் வாங்குவோம், சீனி போட்ட தேநீர் கொடுப்போம். இவற்றில் உடலைத் தாங்கும் புரதம் போதாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டுமென்பர். அது கிடையாவிடின் உடல் தன் தசையையே கரைத்துத் தின்னும். பால், தயிர், வடித்த பருப்புத் தண்ணீர், பின்னர் மசித்த மீன், அவித்த முட்டை என்பனவே முதலிடம் பெறல் வேண்டும். கோப்பையிலே சோற்றைக் குவித்து ஓரத்திற் கறி வைப்பது நம் மரபு. இவருக்கோ முதலில் மீனும் பருப்பும், அடுத்து மரக்கறி, இடமிருந்தாற் கடைசியிலே ஒரு பிடி சோறு. பாண் போன்றவை பிசைந்த மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்வதும், சோறு உள்ளே சென்று ஊதுவதும் பலருடைய அனுபவம். இறைச்சியில் நாருள்ளது தொல்லை தரும். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்று, அரைமணி நேரம் இருந்து உண்ண வேண்டும். உண்ணும்போது நீர் அருந்தக் கூடாது. உண்டு அரைமணி கழிந்த பின்னரே அருந்தலாம். எனினும் நாளொன்றுக்கு ஒன்றரை இலீற்றர் நீராவது உட்செல்லல் வேண்டும். ஒரே மூச்சிற் குடிக்க இயலாதாகையால் நாள் முழுவதும் மிடறு மிடறாகவே குடித்துத் தீர்க்க வேண்டும்.

எங்கள் பாடசாலையில் ஓர் ஆசிரியைக்கு இச்சிகிச்சை நடந்தது. மூன்று மாத காலம் அவரைப் பார்த்திருந்ததனால் நான் அறிந்துகொண்டவை சில. நீர் அருந்துதற்கு அவர் பாடவேளை மணியையே துணைக்கொண்டார். நாற்பது நிமிடத்துக்கொருமுறை மணி அடிக்கும்போது நான்கு மிடறு. உணவுதான் சிக்கலாயிற்று. இடைவேளை இருபது நிமிடம். அவருக்கு வேண்டியது முப்பது. இடைவேளையை அடுத்த பாடவேளையை அவருக்கு ஓய்வாக்கி நேரசூசியை மாற்றினோம். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை கொள்வோர் இத்தகைய சிறு மாற்றமொன்றைச் செய்துகொடுத்தால், ஒருவர் விழுங்கி அவதிப்படுவதைத் தடுத்தவராவர்.

ஆனால் ஆசிரியர் அறையில் நடந்ததை நேரசூசியால் மாற்ற முடியவில்லை. அவர் சிறு டப்பாவொன்றில் ஒரு முட்டையும் சிறிது கடலையும் கொண்டுவருவார். "இவ்வளவுதானா ரீச்சர்?" என்று ஒருவர், "ஒரு துண்டு மீனாவது எடுங்கோ" என்று இன்னொருவர். எல்லாம் அன்பினாலேயே. சில நாட்களின் பின் அவர் பெரிய சோற்றுப்பெட்டியொன்றைக் கொண்டுவரத் தொடங்கினார். சிறிது உண்டுவிட்டு மிகுதியை வீட்டுக்கே திருப்பிக்கொண்டு போவார். பிறர் வாயை மூடுவதற்காக ஒருவர் தினமும் இரண்டு பேருக்குரிய சோற்றைச் சுமந்து செல்லும் நிலை எத்துணைப் பரிதாபமானது!

பரிமாறுதலை அன்பின் அளவாகக் கொள்ளும் சமூகம் நமது. "இன்னும் கொஞ்சம்" என்று மும்முறை சொல்லாவிடின் விருந்தோம்பல் நிறைவுறாது. முதன்முறையே "போதும்" என்பவர் மரியாதைக்காகச் சொல்கிறார் என்றே கொள்வோம். இச்சிகிச்சை பெற்றவரின் "போதும்" என்னுஞ் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அதற்கு மேல் ஒரு கரண்டி சென்றாலும் நெஞ்சடைத்து வாந்தியாகும். வாந்தி சிறு விடயம் என்று நாம் எண்ணலாம். அது அடிக்கடி நிகழின் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஈண்டு விரித்துச் சொல்லுதல் வேண்டும்.

உயிர்ச்சத்து பி1 என்பதொன்று உண்டு. அதனை உடல் நெடுங்காலம் சேமித்து வைப்பதில்லை. இருப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துபோம். தீட்டிய அரிசியையே உண்டு வாழ்ந்த ஆசிய மக்களை முற்காலத்தில் வாட்டிய பெரிபெரி நோய்க்குக் காரணம் இச்சத்தின் குறைவே. அந்நோயின் பெயர் சிங்கள மொழியிலிருந்து பிறந்ததென அகராதிகள் கூறும். இயலாமையைக் குறிக்குஞ் சொல் இரட்டித்து நின்றது. ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் சாவகத் தீவிலே கோழிகளை வைத்து அதனை ஆராய்ந்து, 1929 இல் நோபல் பரிசு பெற்றார். மறைந்துபோயிற்று என்று நாம் கருதிய அந்நோய், இன்று உயர்ந்த சிகிச்சை பெற்றுத் தொடர்ந்து வாந்தியெடுப்பவரிடத்து மீண்டும் தலைகாட்டுகின்றது. கண்ணில் உருவங்கள் இரட்டையாகத் தோன்றுதல், நடை தள்ளாடுதல், பேச்சிலும் நினைவிலும் குழப்பம் என்பன அதன் அறிகுறிகள். தாமதித்தால் மூளைக்கு நிலையான கேடு விளையும். சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வாந்தியிருப்பின், "சமிபாடு சரியில்லை" என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுக. அங்கே பணியிலுள்ள வைத்தியரிடம் இரைப்பைச் சிகிச்சை நடந்ததை முதலிலேயே சொல்லுக. பி1 கொடாமற் குளுக்கோசு மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகக்கூடும்.

பி12 என்பதன் போக்கு இதற்கு நேர்மாறு. ஈரலிலுள்ள இருப்பு சில ஆண்டுகளுக்கு வரும். இதனால் மாத்திரையை நிறுத்தியவர் ஓராண்டு, ஈராண்டு நலமாகவே இருப்பார். "நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே" என்பார். பின்னர் குருதிச்சோகையும், கைகால் விறைப்பும், மறதியும் மெல்ல வந்து சேரும். பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, உயிர்ச்சத்து டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டியது ஏனெனில், அவற்றை உறிஞ்சும் பாதையே மாறிவிட்டது. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் ஒன்றையொன்று தடுப்பனவாதலால் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். தேநீரும் இரும்பைத் தடுக்கும். தேயிலை விளையும் நாட்டில் இது சொல்வதற்குக் கடினமானதோர் அறிவுரையே.

இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைபாஸ் செய்தவர் பாயாசமோ பயற்றம் பணியாரமோ உண்டால், சீனி தடையின்றிக் குடலுட் பாய்கின்றது. அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஏற்படலாம். அல்லது ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குருதியிற் சீனி திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். பிரசாதமாகத் தந்த சர்க்கரைப் பொங்கலை ஒருவர் நெற்றியில் ஒற்றிவிட்டு அருகிலுள்ள பிள்ளையிடம் கொடுத்தால், அவரைப் பக்தி குறைந்தவர் என்று நினையாதிருப்போமாக. கந்தசஷ்டியோ நோன்போ நோற்க விரும்புவோர், நீரும் இன்றி இருக்கும் நாட்களைப் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் ஆலோசித்தல் அவசியம்.

நீரிழிவுக்காகவே இச்சிகிச்சைக்குட்படுவோர் பலர். ஆசியர்களுக்கு நிறை சற்றுக் கூடினாலே நீரிழிவு வந்துவிடுவதால், மேனாட்டாரிலும் குறைந்த பருமனிலேயே இச்சிகிச்சையைக் கருதலாம் என்று 2022 இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல் கூறுகின்றது. வியப்பென்னவெனில், நிறை குறையுமுன்னரே, சில நாட்களுள், சீனி இறங்கிவிடுவதுண்டு. பழைய அளவிலே மருந்தெடுத்தால் அபாயம். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியர் சொற்படியே நடைபெறல் வேண்டும். நோவுக்குக் கடையில் வாங்கும் இபுபுரோபன், டைக்ளோபெனாக் போன்றவை இரைப்பையிற் புண்ணை உண்டாக்கும். புகைத்தலும் அவ்வாறே. பைபாஸின் பின் மதுபானம் விரைவாகவும் வலுவாகவும் ஏறும்.

இளம் பெண்களுக்கொரு குறிப்பு. நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராத வகையிற் கூடும். ஆயினும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்குமாறே கூறுவர். பின்னர் கருவுற்றபோது, கிளினிக்கிற் குளுக்கோசுக் கரைசல் குடிக்கக் கொடுத்துச் சோதிக்கும் வழக்கமுண்டு. அதற்கு முன்னரே தமக்கு நடந்த சிகிச்சையை மருத்துவமாதுவிடம் தெரிவித்தால், வேறு வகையிற் சோதிக்க ஒழுங்கு செய்வார்கள்.

மூன்றாம் மாதமளவில் தலைமயிர் உதிரத் தொடங்கும். பெரும்பாலும் அது மீண்டும் வளரும். தோல் தொங்கும், மோதிரம் கழன்று விழும். ஊராரோ "என்ன வருத்தம்?" என்று கேட்கத் தொடங்குவர். உடம்பு வைத்தல் செழிப்பின் அடையாளமாகவும் மெலிதல் நோயின் அடையாளமாகவும் நம் பேச்சிற் பதிந்துவிட்டது. உண்மையைச் சொன்னாலோ, "வாயைக் கட்டியிருந்தால் வெட்டத் தேவையில்லையே" என்பர். இச்சொல்லைப் போற் பொருளற்றது பிறிதில்லை. வாயைக் கட்டுதல் சிகிச்சைக்குப் பின்னும் ஒவ்வொரு நாளும் நடக்கின்றது. அதைத் தாங்கும் வலுவை உடலுக்குக் கொடுத்தது சிகிச்சை. ஒன்றரை ஆண்டளவிலே நிறை குறைவது நின்று, சிலருக்குச் சிறிது ஏறவுங்கூடும். அப்போது வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போகாது விடுகின்றவர் உளர். போக வேண்டிய காலம் அதுவே. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய குருதிச் சோதனையும் அதனோடு தவறிப்போகின்றது.

வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்புவோர், அங்கே கொடுத்த அறிக்கையின் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். என்ன வகைச் சிகிச்சை, எத்திகதியில் நடந்தது, என்னென்ன மாத்திரைகள் என்பவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்வது நன்று. வீட்டார் ஒருவருக்கேனும் அது இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும்.