தோட்டாவுக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார்கள். அமிர்தத்துக்கே அந்த கதி என்றால், வெடிமருந்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

நம்ம சினிமாவில் ஆறு குண்டு போடும் ரிவால்வரை வைத்துக்கொண்டு கதாநாயகன் பதினாறு தடவை சுடுவார். நாமும் விசில் அடிப்போம். ஆனால் சுட்ட பிறகு உள்ளே மிஞ்சுகிற காலிப் பித்தளைக் கூடு என்ன ஆகிறது என்று யாராவது யோசித்ததுண்டா? அமெரிக்காவில் அதைத் தூக்கி எறியாமல் பத்திரமாக எடுத்து வைத்து, வீட்டிலேயே புது மருந்தும் புது குண்டும் போட்டு, மறுபடி உபயோகிக்கிற வேட்டைக்காரர்கள் ஏராளம். இந்த வேலைக்கு 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர்.

இதை நாம் செய்வதற்காக நான் எழுதவில்லை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கும் இங்கே இடமில்லை. பிறகு ஏன் இந்தக் கட்டுரை? மெட்டலர்ஜி வகுப்பில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் சேர்ந்த கலவைக்கு 'கார்ட்ரிட்ஜ் பிராஸ்' என்று பெயர் படிக்கிறோம் அல்லவா? அதற்கு ஏன் தோட்டாவின் பெயர் வந்தது என்று தேடிப் போனேன். போனால், நம் சிலபஸில் பாதி அந்தக் கட்டைவிரல் நீளப் பித்தளைக்குள்ளேயே இருக்கிறது!

தோட்டாவில் என்ன இருக்கிறது?

நாலு பொருள்தான். பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் என்ற சின்னக் கிண்ணம், உள்ளே புகையில்லா வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. ரிவால்வரின் சுத்தியல் பிரைமரை அடிக்கும். பிரைமரின் தீப்பொறி மருந்தைப் பற்ற வைக்கும். மருந்து வாயுவாகி, குண்டைத் தள்ளும்.

பெரிய காலிபர் வேட்டை ரிவால்வர்களில் புகழ்பெற்றது .44 மேக்னம். இதற்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. பைக் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பவுண்டு. அதாவது 1,200 மடங்கு! கைக்குள் அடங்கும் ஒரு சாமானில், முகத்துக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில், இந்த அழுத்தம் உண்டாகிறது. பின்னால் வந்த .454 கசூலுக்கு உச்சவரம்பு 65,000 பவுண்டு.

பித்தளையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

அழுத்தம் ஏறும்போது கூடு உப்பி, சிலிண்டர் துளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது இதுதான். அழுத்தம் இறங்கியதும் கூடு கொஞ்சம் சுருங்கியாக வேண்டும். சுருங்கினால்தான் வெளியே எடுக்க முடியும். ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்!

இங்கேதான் நம்ம 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வருகிறது. எஃகின் யங் மாடுலஸ் சுமார் 200 கிகாபாஸ்கல். பித்தளைக்கு சுமார் 110தான். ஒரே அளவு தகைவில் பித்தளை எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். விட்டால் அதே அளவு திரும்பும். இந்த 'ஸ்பிரிங் பேக்' தாராளமாக இருப்பதால்தான் கூடு சுலபமாகக் கழன்று வருகிறது. மருந்து அதிகமாகிவிட்டால் கூடு எல்லை தாண்டி உப்பி, துளையிலேயே இறுகிக்கொள்ளும். காலிக் கூடு சுலபமாக வரவில்லை என்றால் அது ஓர் அபாய மணி.

நம்ம நாட்டு மழைக்காலத்தில் கிடைத்த பாடம்

இந்தப் பித்தளையின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக்கள், யாரும் தொடாமலே, மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டன. சீசனில் வந்த வெடிப்பு என்பதால் 'சீசன் கிராக்கிங்' என்ற பெயர் நிலைத்தது. 1921இல்தான் இதற்குச் சரியான விளக்கம் வெளிவந்தது. தோட்டாக்கள் குதிரை லாயங்களில் இருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், மழை ஈரமும், கூட்டைக் குளிர்நிலையில் இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிவிட்ட தகைவும் சேர்ந்து பித்தளையைப் பிளந்தன. செய்து முடித்தபின் மிதமாகச் சூடாக்கி உள்தகைவைத் தணிப்பது இதற்கு மருந்து. இன்றும் ஹேண்ட்லோடிங் செய்பவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டின் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள்.

வேலை நடக்கும் விதம்

முதலில் சுட்ட கூடுகளைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறகு கைப்பிடி போட்ட சின்ன பிரஸ். அதில் டை மாட்டும் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. எந்தக் கம்பெனி டையும் எந்தக் கம்பெனி பிரஸிலும் பெரும்பாலும் பொருந்தும். 'இன்டர்சேஞ்சபிலிட்டி' என்று பரீட்சைக்குப் படிக்கிறோமே, அதுதான் இது!

முதல் டை உப்பிய கூட்டை மறுபடி அளவுக்குச் சுருக்கி, பழைய பிரைமரையும் தள்ளிவிடும். இந்த டையில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் இருந்தால் எண்ணெய் கூடத் தேவையில்லை. இரண்டாவது டை கூட்டின் வாயைக் கொஞ்சம் மலர்த்தும். பிறகு புது பிரைமர், அளந்த மருந்து. கடைசி டை குண்டைச் சரியான ஆழத்துக்கு இறக்கி, கூட்டின் விளிம்பை குண்டில் உள்ள பள்ளத்தில் மடக்கிப் பிடிக்கும். இதற்கு கிரிம்ப் என்று பெயர்.

ஒவ்வொரு தடவையும் உப்பி, சுருங்கி, மலர்ந்து, மடங்குவதால் பித்தளை இறுகிக்கொண்டே போகும். இதுதான் 'ஒர்க் ஹார்டனிங்'. கடைசியில் வாய் ஓரம் கீறல் விடும். அதோடு அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது.

கிரிம்ப் எதற்கு என்று டவுட்டு வரலாம். ரிவால்வர் சுடும்போது பின்னால் உதைக்கும். மீதி ஐந்து தோட்டாக்களின் கூடுகளும் துப்பாக்கியோடு பின்னால் போகும். ஆனால் கனமான குண்டுகள், நியூட்டனின் முதல் விதிப்படி, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பிடி சரியில்லை என்றால் குண்டு கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்து, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். எதிரே கரடி நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும்? ஒரு மில்லிமீட்டர் மடிப்பில் ஓர் உயிர் இருக்கிறது!

எல்மர் கீத் கதை

.44 மேக்னம் பிறந்ததே ஹேண்ட்லோடிங்கால்தான். அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் பண்ணை வேலையும் வேட்டையும் செய்துவந்தவர் எல்மர் கீத் (1899-1984). இளம் வயதில் .45 ரிவால்வரில் கனமான குண்டும் கடுமையான மருந்தும் போட்டுப் பார்த்தார். சிலிண்டர் வெடித்துச் சிதறியது. பிறகு .44க்கு மாறினார்.

.45இலிருந்து .44க்கு இறங்கினால் பலம் எப்படிக் கூடும்? நம்ம சூத்திரம் சொல்லும். அழுத்தம் பெருக்கல் விட்டம், வகுத்தல் இரண்டு மடங்கு சுவர் கனம். சிலிண்டரின் வெளி அளவு மாறவில்லை என்றால், துளை சின்னதானால் விட்டமும் குறையும், சுவரும் தடிக்கும். இரட்டை லாபம்! (இது மெல்லிய சுவருக்கான சூத்திரம். துப்பாக்கிச் சுவர் தடிமனானது, கணக்கு வேறு. ஆனால் போகிற திசை இதுதான்.) இன்னொரு வேடிக்கை: .44 என்பது பெயர் மட்டுமே. அந்தக் குண்டின் நிஜ விட்டம் .429 அங்குலம்தான்.

கீத் பல வருஷம் .44 ஸ்பெஷல் கூட்டில் தன் கையாலேயே பலமான மருந்து போட்டு வேட்டையாடி, அதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதி எழுதிக் கம்பெனிகளைத் துளைத்தெடுத்தார். கடைசியில் 1955 முடிவில் ரெமிங்டன் தோட்டாவையும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரையும் தயாரித்தார்கள். அதில் ஒரு புத்திசாலித்தனம் பாருங்கள். புதுக் கூட்டை 1.16 அங்குலத்திலிருந்து 1.285 அங்குலமாக நீட்டினார்கள். பழைய .44 ஸ்பெஷல் ரிவால்வரில் இந்தப் பலமான தோட்டாவைப் போட்டால் சிலிண்டர் தாங்காது. நீட்டியதால் அது உள்ளே முழுசாக இறங்கவே இறங்காது. ஆள் தப்பு செய்தாலும் சாமான் அனுமதிக்காது! ஜப்பான்காரர்கள் 'போகா யோகே' என்று சொல்வது இதைத்தான்.

இரண்டு தடவை விழுந்தால்?

மருந்தை கிரெய்ன் என்ற அளவில் நிறுப்பார்கள். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. தானிய மணியிலிருந்து வந்த அளவு இது. நம்ம தட்டான்கள் குன்றிமணி வைத்து நிறுத்தது போலத்தான். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெய்ன் வரும். ஹேண்ட்லோடிங் தராசு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். அது சுமார் 6.5 மில்லிகிராம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? மருந்து எரியும் வேகம் அழுத்தத்தோடு ஏறும். அழுத்தம் ஏறினால் வேகம் ஏறும், வேகம் ஏறினால் அழுத்தம் இன்னும் ஏறும். அதனால் மருந்து பத்து சதவீதம் கூடினால் அழுத்தம் பத்து சதவீதத்தோடு நிற்காது. குண்டைக் கூடுதல் ஆழத்தில் அழுத்திவிட்டாலும் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் எகிறும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுவது. .45 கோல்ட் தோட்டா 1873இல் வந்தது. கரிமருந்து காலம். அதற்கு நிறைய இடம் வேண்டும், அதனால் பெரிய கூடு. இன்றைய வேகமான புகையில்லா மருந்து கொஞ்சம் போட்டாலே போதும். கூட்டின் அடியில் எங்கோ கிடக்கும். இரண்டாவது தடவை விழுந்தாலும் வழியாது, நிரம்பியதாகவும் தெரியாது. ஆனால் நிதானமாக எரியும் மருந்து கூட்டைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். இரண்டாவது தடவை ஊற்றினால் மேலே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக அந்த மருந்தை இஷ்டத்துக்குக் குறைக்கவும் கூடாது. சிலவற்றுக்குப் புத்தகத்தில் கீழ்வரம்பும் உண்டு.

என் அப்பா கல்குவாரியில் கல் உடைக்கிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. வெடி வைக்கிற ஆளிடம் அவர் பார்த்துப் பழகியது ஒன்றே ஒன்று. "மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாதுப்பா" என்பார். குவாரியில் எல்லாம் கையளவு, கண்ணளவு, அனுபவம். பல வருஷ அனுபவம் உள்ளவருக்கே விரல் போயிருப்பதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அனுபவம் பெரியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அனுபவம் அந்த ஆளோடு போய்விடும். எழுதி வைத்த அளவு அடுத்த ஆளையும் காப்பாற்றும். கீத் சிலிண்டரை வெடிக்கவிட்டுக் கற்றதை, இன்று ஒருவன் அட்டவணையைப் புரட்டியே தெரிந்துகொள்கிறான். அதுதான் வித்தியாசம்.

அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு

ஒழுங்கான ஹேண்ட்லோடிங் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். டி.வி. கிடையாது, அரட்டை கிடையாது, சிகரெட் கிடையவே கிடையாது. ஈயமும் பிரைமர் தூசியும் உடம்புக்கு விஷம் என்பதால், கை கழுவாமல் எதையும் சாப்பிட மாட்டார்கள். கூடுகளைத் துளை போட்ட மரப்பலகையில் நிறுத்தி, குண்டு செருகும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டு முதலிலிருந்து அளப்பார்கள். அட்டவணையின் உச்ச அளவில் ஒருபோதும் ஆரம்பிக்க மாட்டார்கள். கீழிருந்துதான் படிப்படியாக ஏறுவார்கள். செய்த ஒவ்வொரு பெட்டிக்கும் தேதி, மருந்தின் பெயர், எடை, பிரைமர், குண்டு எல்லாம் எழுதிய சீட்டு ஒட்டுவார்கள். சீட்டு இல்லாத பெட்டியில் இருப்பது தோட்டா அல்ல, கேள்விக்குறி.

இதில் ஒரு விசேஷம். இங்கே சூப்பர்வைசர் கிடையாது, இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட் கிடையாது. செய்கிறவனும் அவனே, சோதிக்கிறவனும் அவனே, கடைசியில் கையில் பிடித்துச் சுடுகிறவனும் அவனே. அதனால் பொய் ரீடிங் எழுத அவனுக்கு மனசு வராது.

நண்பர்களே! நம்ம ரெக்கார்டு நோட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். வெர்னியரைத் தொடாமலே பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிய ரீடிங் அதில் எத்தனை இருக்கும்? சார் கையெழுத்துப் போட்டுவிடுவார், மார்க்கும் வந்துவிடும். ஆனால் நாளைக்கு நாம் பாயிலருக்குப் பக்கத்தில், கிரேனுக்குக் கீழே, பஸ் பிரேக் டிரம்மில் வேலை செய்யப் போகிறவர்கள். அங்கே நாம் எழுதும் எண்ணை நம்பி நிற்கப் போவது வேறொருவர். அவர் பெரும்பாலும் என் அப்பாவைப் போலப் படிக்காத ஒரு தொழிலாளியாக இருப்பார். நாம் எழுதியது நிஜமா பொய்யா என்று அவரால் சரிபார்க்க முடியாது. அவருக்காகவாவது அளந்து பார்த்து எழுதுவோம்!

அளப்போம்! உள்ளதை எழுதுவோம்! உயர்வோம்!