ஏடும் அச்சும் கணினியும்

கருவி மாறுங்கால் தொழில் மாறும். தொழில் மாறவே, தொழில் செய்வாரிடை நிலவும் உறவும் மாறும். இவ்வுண்மையைத் தமிழ் நூல்களைப் பேணிவரும் பணியில் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

ஓலைக் காலத்தில் நூலைப் பெறுதலாவது அதனைப் படியெடுத்தலேயாம். ஒருவர் படிக்கப் பிறர் எழுதுவர். ஏடுகளிற் பெரும்பாலும் புள்ளி இடப்பெறுவதில்லை. குறில் நெடில் வேறுபாடு காட்டப்பெறாமையின் 'கொடு' என்றிருப்பதைக் 'கோடு' எனவும் படிக்கலாம். காலும் ரகரமும் வடிவால் மயங்கும். இம்மயக்கங்களை ஆசிரியரே தீர்த்து வைத்தார். மாணவர் அவரை அடுத்திருந்து பாடங் கேட்டமைக்கு இஃதும் ஒரு காரணமாகும்.

கொல்லத்தில் 1578ஆம் ஆண்டிலேயே தமிழ் நூல் அச்சேறியது. எனினும், 1835இல் அச்சகக் கட்டுப்பாடு நீங்கிய பின்னரே அத்தொழில் நம் புலவர்களிடையே பரவலாயிற்று. அச்சுப்பொறி எழுதும் உழைப்பை நீக்கிற்று. ஆயினும் தெளியும் உழைப்பை நீக்கவில்லை. கொடுவோ கோடோ என்பதை ஒருவர் துணிந்தாலன்றி எழுத்துக் கோத்தல் இயலாது. 1887இல் தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டிற் சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் வெளியிட்டனர். மாணவர்க்கு ஆசிரியர் வாய்மொழியாகச் செய்ததனைப் பதிப்பாசிரியர் உலகினர் அனைவர்க்கும் எழுத்திற் செய்யலாயினர். படியெடுப்போர் தொழில் தேய்ந்தது. பதிப்பும் பிழைதிருத்தமும் தனித் தொழில்களாயின. இதில் இழப்பும் உண்டு. காலந்தோறும் படியெடுத்தாலன்றி ஏடு நில்லாது. அவ்வழக்கம் குன்றவே, அச்சேறாத நூல்கள் காப்பாரின்றிச் செல்லரித்தன.

இந்நாளில் நூல்கள் கணினிக்குள் புகுந்துள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இத்துறையில் முன்னோடியாகும். ஈண்டும் பழைய மயக்கம் புதுவடிவில் தோன்றுகின்றது. ஔகாரத்தை ஓரெழுத்தாக இடாது, ஒகரமும் ளகரமுமாக அடுத்தடுத்துத் தட்டினால், கண் வேறுபாடு காணாது. கணினியோ அவற்றை வெவ்வேறாகக் கொள்ளும். ஏழு என்னும் எண்ணின் குறி எகரம் போலத் தோன்றலும் இத்தகையதே. இவ்வாறு தட்டப்பெற்ற நூலில் ஒளவையார் பெயரைத் தேடும் மாணவர் ஒன்றும் காணாராய், 'இந்நூலில் இப்பெயர் இல்லை' என முடிவு கூறக்கூடும். ஏட்டுக்கால மயக்கம் படிப்பவருக்குத் தெரிந்தேயிருந்தது. இம்மயக்கமோ தெரியாமலே ஆய்வைக் கெடுப்பது.

எனவே, கருவி கைத்தொழிலை ஏற்குந்தோறும் தெளிவுத் தொழில் வேறோரிடத்திற் சென்று தங்குகின்றது என்பது பெறப்படும். அவ்விடத்தைக் கண்டு ஆங்கு அறிஞரை நிறுத்துதலே மாற்றத்திற்கு ஏற்ப ஒழுகுதலாம். ஆதலின், கணினியில் ஏற்றப்பெறும் ஒவ்வொரு நூலும் எப்பதிப்பைத் தழுவியது என்பதனையும், அதன் பாடவேறுபாடுகளையும் உடன் தருதல் வேண்டும். முதுகலை மாணவர்க்கு ஏடு படிக்கும் பயிற்சியும் கணினி எழுத்துமுறை அறிவும் ஒருங்கே அளித்தல் வேண்டும். ஒன்றைக் கற்று மற்றொன்றை விடுவோமாயின், அச்சுக் காலத்து இழப்பு மீண்டும் நேர்தல் ஒருதலை.